அடுத்த பாடி எப்போ வரும்?

மலேசியாவில், எங்கள் செமோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பல குடும்பங்களின் முதல் புகைப்படம் அடையாளக் கார்டுப் படம்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி, எங்களுக்கு வடக்கே அதே ரயில் பாதையில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதைத் தாண்டிய எல்லாரும் படமும் கைரேகையும் உள்ள கார்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. விடியற்காலைப் பெரட்டுக்கும் பால்மரத்துக்கும் இடையிலேயே வாழ்ந்துகொண்டிருந்த சனம், ஒரு லென்ஸுக்கு முன்னால் போய் விறைத்து உட்கார்ந்தது. எங்கள் பாட்டியின் கார்டிலும் அந்த விறைப்பு அப்படியே இருக்கிறது.

கல்யாணத்துக்குப் படக்காரரைக் கூப்பிடுவது பிறகு வந்த வழக்கம். ஈப்போவிலிருந்து மோட்டாரில் வருவார். கழுத்தில் யாஷிகாவோ சீகலோ, இரட்டை லென்ஸ் பெட்டி ஒன்று தொங்கும். ஒரு ரோலுக்கு 12 படம். தாலி கட்டும்போது இரண்டு, ஆசீர்வாதத்துக்கு நான்கு. பெரிய கிராணி குடும்பத்தோடு வந்து நின்றால் ஒன்று அங்கே போய்விடும், யாரும் கேட்க முடியாது. பிறகு 35 எம்எம் எஸ்.எல்.ஆர். பரவியது. ஒரு ரோலில் 36 படம், கழற்றி மாட்டும் லென்ஸ். 1976இல் வந்த கேனன் ஏஇ-1ஐ எங்கள் பக்கத்துப் படக்காரர்கள் பலர் வைத்திருந்தார்கள். நான் தொழிலுக்கு வந்தபோது ஃபிளாஷ் பிடிக்கும் பையன். என் குருவின் தோளில் ஏஇ-1தான் தொங்கியது.

வரப்போகும் கேமராவைப் பற்றி ஊகிப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். கல்யாண மண்டபத்தில் சாமான்களைக் கட்டிய பிறகு, ஈப்போவில் ஏதாவதொரு ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு அது தொடங்கும். "அண்ணே, அடுத்த பாடி எப்போ வருதாம்?" என்று ஒருவன் கேட்பான். "அடுத்த வருசம் கண்டிப்பா லா" என்பான் இன்னொருவன். வீட்டுக் கடனைப் பற்றிக்கூட அவ்வளவு விவரமாக நாங்கள் பேசியதில்லை.

அந்தப் பேச்சில் முதல் அடி 1987இல் விழுந்தது. மினோல்டா 1985இல் 7000 என்ற ஆட்டோஃபோக்கஸ் கேமராவைக் கொண்டுவந்து எல்லாரையும் முந்தியிருந்தது. கேனன் பதிலுக்கு ஈஓஎஸ் 650ஐ விட்டது. அதற்காக, லென்ஸை மாட்டும் தன் பழைய எஃப்டி மவுண்டையே தூக்கிப்போட்டு, இஎஃப் என்று புது மவுண்ட் போட்டது. என் குருவிடம் இருந்த எஃப்டி லென்ஸ்கள் எதுவும் புது பாடியில் ஏறாது. நிக்கான்காரர்கள் 1959ஆம் வருஷத்து எஃப் மவுண்ட் இன்னும் இருக்கிறது என்று மார்தட்டிக்கொண்டார்கள். ஆட்டோஃபோக்கஸ் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். மவுண்ட் போகும் என்று அந்த மேசையில் ஒருவரும் சொல்லவில்லை.

டிஜிட்டல் வந்தபோது ஊகம் முழுக்க விலையைச் சுற்றியே இருந்தது. 1999இல் வந்த நிக்கான் டி1க்கு 2.7 மெகாபிக்ஸல், விலை சுமார் 5,500 அமெரிக்க டாலர். அப்போது டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டிவைத்திருந்தார்கள். பெருக்கினால் 20,000 வெள்ளிக்கு மேல். செமோரில் கல்யாணப் படம் எடுத்து அந்தக் காசை எப்போது பார்ப்பது? 2003இல் கேனன் 300டி 900 டாலருக்கு வந்தது. 6.3 மெகாபிக்ஸல். அடுத்த சில வருஷத்தில் ஃபிலிம் கழுவும் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின.

அதற்குப் பிறகு மெகாபிக்ஸல் பைத்தியம். 2005இல் கேனன் 5டியில் 12.8, 2008இல் 5டி மார்க் 2இல் 21, 2012இல் நிக்கான் டி800இல் 36, 2015இல் கேனன் 5டிஎஸ்ஸில் 50. அடுத்த எண்ணைச் சரியாகச் சொன்னவன் அன்றைய ஞானி. எனக்கு அந்த எண்ணில் அக்கறை இல்லை. கறுத்த முகம், வெள்ளை வேட்டி, ஓமப்புகை, தலைக்கு மேல் மண்டபத்து டியூப்லைட், எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வேட்டி சுண்ணாம்பாகும், வேட்டிக்கு வைத்தால் மாப்பிள்ளையைக் காணோம். 2007இல் வந்த நிக்கான் டி3 ஐஎஸ்ஓ 6400இல் அதிகப் பிசிறில்லாமல் எடுத்தது. டி800 இருட்டுக்குள் இருந்த முகத்தைப் பிறகு கணினியில் மேலே கொண்டுவர இடம் கொடுத்தது. எங்கள் ஆட்களைப் படமெடுக்க உதவிய முன்னேற்றம் இந்த இரண்டும்தான். மெகாபிக்ஸல் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் விற்றவருக்கே லாபம்.

நிக்கான் டி400ஐ எப்படி விடுவது! 2009இல் டி300எஸ் வந்ததும் அடுத்தது டி400தான் என்று முடிவாகிவிட்டது. பெயர், விலை, ஃபோக்கஸ் புள்ளிகள் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பம், செண்டாய் தொழிற்சாலை நின்றது. அக்டோபரில் தாய்லாந்து வெள்ளம், அயுத்தயா தொழிற்சாலை மூழ்கியது. "அதனால்தான் தாமதம்" என்றார்கள் டி400 கட்சிக்காரர்கள். 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கேமராவின் பெயர் டி500. டி400 என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை. கேனன் பக்கம் 7டி மார்க் 3க்குக் காத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான், அதுவும் வரவில்லை.

யாரும் பெரிதாகக் கேட்காத வீடியோ மட்டும் தானாக வந்து தொழிலைப் புரட்டிவிட்டது. 5டி மார்க் 2 முழு எச்டி வீடியோ எடுத்தது. 2012இல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9'ஐ விஜய் மில்டன் கேனன் ஸ்டில் கேமராவில் ஒளிப்பதிவு செய்தார் என்று கேள்விப்பட்டதும், எங்கள் பக்கத்துப் பெண்வீட்டார் ஆல்பத்தோடு சினிமாவும் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கென்று தனிக்கூலி வாங்க எங்களுக்கு வெகுநாள் தைரியம் வரவில்லை.

எந்த ஊகப் பட்டியலிலும் இடம்பெறாத ஒன்று பூஞ்சை. இந்த நாட்டில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். லென்ஸுக்கு 40, 50தான் நல்லது. கண்ணாடியில் படிந்த தூசியையும் எண்ணெய்ப் பசையையும் தின்று பூஞ்சை வளரும். அது விடும் அமிலம் கண்ணாடிமேல் பூசிய பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. தோட்டத்துப் பலகை வீட்டில் மழைக்காலத்தில் துணியே காயாது, லென்ஸ் எங்கே தப்பிக்கும்? மைலோ டின்னில் சிலிகா ஜெல் போட்டு, மூடியை டேப்பால் ஒட்டி வைத்தவர்கள் நாங்கள். டிரை கேபினட் வாங்கியவனை அன்று பணக்காரன் என்றோம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடிகளோடு மழையில் நனைந்து நடந்துவிட்டு, பையைத் திறக்காமல் தூங்கப்போனவர்களின் லென்ஸ்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் ஷா ஆலாமில் கேனனுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. 50 எம்எம் எஸ்டிஎம் லென்ஸ் பலவற்றில் 'மலேசியாவில் தயாரானது' என்று பார்க்கலாம். நம் ஊரில் பிறந்த லென்ஸையும் நம் ஊர்க் காற்று விடுவதில்லை.

கடைசியில் பாடிக்குள் இருந்த மிரர் கண்ணாடியே போய்விட்டது. 2008இல் பானசோனிக் ஜி1 வந்தபோது அதை விளையாட்டுச் சாமான் என்றோம். 2013இல் சோனி ஏ7 முழு ஃபிரேமில் வந்தது. 2018இல் நிக்கானும் கேனனும் முழு ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்குப் புது மவுண்ட் போட்டன. 2020க்குப் பிறகு இரண்டும் புதிய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் வெளியிடவில்லை. பென்டாக்ஸ் மட்டும் 2021இல் கே-3 மார்க் 3 என்று பிடிவாதமாகத் தொடர்ந்தது.

இந்த முறை லென்ஸ் பிழைத்ததற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. மவுண்டிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரம் கேனன் இஎஃப்பில் 44 மில்லிமீட்டர், நிக்கான் எஃப்பில் 46.5. மிரர் எழும்பி ஆட இடம் வேண்டும் அல்லவா? அது போனதும் கேனன் ஆர்எஃப்பில் 20 ஆகவும், நிக்கான் இசட்டில் 16 ஆகவும் தூரம் குறைந்தது. மிச்ச இடத்தில் ஒரு வளையத்தை மாட்டினால் பழைய லென்ஸ் புது பாடியில் வேலை செய்யும். புது லென்ஸ் பழைய பாடிக்கு ஏறாது. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அந்த லென்ஸைத் திருப்பும் மோட்டார் நிக்கானின் எஃப்டிஇசட் வளையத்தில் இல்லை, ஃபோக்கஸைக் கையால்தான் பிடிக்க வேண்டும்.

இத்தனை வருஷ ஊகத்தில் பாடியைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் பொய்த்தது. நல்ல லென்ஸில் போட்ட காசு மட்டும் நின்றது. ஆகவே, தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, அடுத்த பாடி எப்போ வரும் என்று காத்திருக்காதீர்கள். செகண்ட் ஹேண்டில் கேனன் 6டியோ நிக்கான் டி750யோ இன்றைக்கும் ஒரு கல்யாணத்தைத் தாங்கும். மிச்சக் காசை எஃப்/2.8 லென்ஸில் போடுங்கள். வாங்குமுன் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால், கடைக்காரர் பாதி விலை சொன்னாலும் வேண்டாம்.