மணியாச்சியில் பத்து நிமிஷம்

மதுரையிலிருந்து தெற்கே போகும் வண்டி மணியாச்சியில் நிற்கும்போது பிரயாணிகளில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் சாமான்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்து நின்றுவிடுவது வழக்கம். அப்படி என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்டால், மேல்பார்வைக்கு ஒன்றுமில்லைதான். கரிசல் நிலம், உடைமரம், தொலைவில் நாலைந்து பனை, நீளமான பிளாட்பாரம். ஊரைவிட ஸ்டேஷன் பெரிதாக இருக்கிறது.

பார்க்க வேண்டியது ஸ்டேஷனின் தென்கோடியில் இருக்கிறது. அங்கே தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. வலப்புறம் போவது திருநெல்வேலிக்கு; இடப்புறம் போவது தூத்துக்குடிக்கு. திருநெல்வேலிதானே ஜில்லாவின் பெரிய ஊர், அதுதான் பிரதானப் பாதையாக இருக்கும் என்று இன்றைக்கு யாரும் நினைப்பார்கள். 1876-ல் பாதை போட்ட வெள்ளைக்காரக் கம்பெனியின் கணக்கு வேறு. அதற்குத் துறைமுகம் வேண்டும். கரிசல் காட்டுப் பருத்தியைக் கப்பலில் ஏற்ற வேண்டும். ஆகவே பிரதானப் பாதை நேரே கடலுக்குப் போயிற்று. திருநெல்வேலிக்குக் கிடைத்தது சுமார் 29 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கிளை.

பின்னாளில் அந்தப் பிரதானப் பாதையில் ஓடிய கீர்த்தி பெற்ற வண்டிதான் சிலோன் போட் மெயில். சென்னையில் ஏறியவன் தூத்துக்குடியில் இறங்கிக் கொழும்புக்குக் கப்பல் ஏறுவான். கப்பல் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, மறு வருஷம் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து ஓட்டியது இதே கொழும்புத் தடத்தில்தான். அதற்குக் கிடைத்த பரிசு சிறை. 1908-ல் உள்ளே போனவர், 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அந்த அடக்குமுறை நாட்களில் தூத்துக்குடியில் ஸப்-கலெக்டராக இருந்தவர் ஆஷ் என்ற ஐரிஷ்காரர். 1910-ல் அவரே ஜில்லாக் கலெக்டரானார்.

ஜில்லாவுக்கே ராஜாவானாலும் கிளைப்பாதைக்காரர் கிளைப்பாதைக்காரர்தானே! வடக்கே போக வேண்டுமென்றால் மணியாச்சி வரை வந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக அவரும் காத்திருக்க வேண்டும். 1911 ஜூன் 17-ந் தேதி காலை ஆஷும் அவர் மனைவியும் கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். 9.30-க்குத் திருநெல்வேலியில் கிளம்பிய வண்டி 10.38-க்கு மணியாச்சிக்கு வந்தது. போட் மெயில் வர வேண்டிய நேரம் 10.48. நடுவே பத்து நிமிஷம். தம்பதிகள் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டான். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கக்கூஸுக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டான். அவனுக்கு வயது இருபத்தைந்து.

திருநெல்வேலி பிரதானப் பாதையில் இருந்திருந்தால் கலெக்டர் மணியாச்சியில் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேறிடத்தில் சுட்டிருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் காவல் அதிகமில்லாத ஒரு பிளாட்பாரத்தில் ஜில்லா அதிகாரியை அசையாமல் உட்கார்த்தி வைத்தது கால அட்டவணைதான். அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வேறு ஒற்றன் வேண்டியதில்லை.

வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அதைப் படிக்கும்போது எனக்கு எப்பொழுதும் ஒரு சங்கடம். கப்பலைப் பற்றியோ சிறையிலிருந்த சிதம்பரம் பிள்ளையைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை. மிலேச்சர்கள் ஸனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்பதும், மாட்டிறைச்சி தின்னும் ஜார்ஜ் மன்னனுக்கு இங்கே முடியா என்பதும்தான் அதன் கோபம். லண்டனில் முடிசூட்டு விழா நடக்க அப்போது ஐந்தே நாள் பாக்கி. கப்பலுக்குப் பழி வாங்கினான் என்று நாம் சொல்லிக்கொள்வது நமக்குப் பிடித்த கதை. கடிதம் சொல்வது வேறு. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அவனை நினைக்க வேண்டியிருக்கிறது. உயிரைக் கொடுத்தவன் என்பதற்காகக் கடிதத்தை மறைப்பதும் சரியில்லை. கடிதத்துக்காக அவன் துணிச்சலை இல்லையென்பதும் சரியில்லை.

போட் மெயில் அதற்குப்பின் அதிக நாள் இந்த வழியில் வரவில்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் அது தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. 1964 டிசம்பர்ப் புயல் அந்தத் தடத்தையும் கொண்டுபோயிற்று. மணியாச்சியில் இப்போது தலைக்கு மேல் மின்சாரக் கம்பி ஓடுகிறது. பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்று எழுதியிருக்கிறது. இடப்புறப் பாதையில் போனால் தூத்துக்குடியில் ஆஷுக்குக் கட்டிய நினைவு மண்டபம். வலப்புறம் போய்த் தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டையில் அவர் கல்லறை.