விழுங்கியும் செரிக்காதது

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழி இறங்கி வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: 'டி.பி. கிருமி சின்ன வயசுலயே உள்ள வந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு தம்பி. இத்தன வருஷமா எங்க ஒளிஞ்சிருந்துச்சு?'

ஒளிந்திருந்தது காவலாளியின் வீட்டில். நுரையீரலுக்குள் வரும் கிருமிகளை விழுங்கவென்றே உடலில் அணுக்கள் உண்டு. விழுங்கியதை ஒரு பைக்குள் அடைத்து, நொதிகள் நிறைந்த இன்னொரு பையோடு சேர்த்துக் கரைத்துவிடும். காசநோய்க் கிருமி அந்தப் பைகள் ஒன்றுசேர்வதையே தடுத்துவிடுகிறது. பிறகு உடல் தன் அணுக்களால் அதைச் சுற்றி மதில் எழுப்புகிறது. உள்ளே கிருமி பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கலாம். பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை. 'கிருமிகளுக்கு எதிரான போர்' என்ற சொல்லாடல் இங்கே பொருந்தாது. நடப்பது ஒருவகைச் சமரசம். அதை முறிப்பது எது என்பதே கேள்வி. உடலுக்குள் மட்டும் தேடினால் பதில் கிடைக்காது.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு. மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. குணமானவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம் என்று 1959இல் முடிவு வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இது ஒரு முக்கியக் காரணம். ஏழைக்கு இது விடுதலைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த முடிவை அதிகாரம் வேறுவிதமாக வாசித்தது. 'சாப்பாடு இல்லாமலும் குணமாகும்' என்பது, காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்றாகிவிட்டது. மருந்து கிருமியைக் கொல்லும், மதிலைக் கட்டாது. மதிலைக் காக்கும் அணுக்கள் பசியில் தளர்ந்துபோகும்.

இதை நிறுவ அறுபதாண்டுகள் ஆயின. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில் நோயாளிகளின் வீட்டாருக்கும் மாதாமாதம் உணவுப்பொருள்கள் கொடுத்தார்கள். நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீடுகளோடு ஒப்பிட, அந்த வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 40 சதவீதம் குறைவு. முடிவு 2023இல் வெளியானது.

இன்று அரசு நோயாளிக்குச் சத்துணவுக்கென மாதம் ஒரு தொகை தருகிறது. அது நோய் வந்த பிறகு. பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, 'அப்ப ஷாப்புல கூலி ஒழுங்காக் குடுத்திருந்தா அது தூங்கிக்கிட்டே இருந்திருக்குமோ?' என்றார்.

இருந்திருக்கலாம் என்றேன்.