கைமுதலும் கழகமும்

தமிழில் ‘முதல்’ என்ற சொல் தொடக்கத்தையும் குறிக்கும், போட்ட பணத்தையும் குறிக்கும். ‘முதலுக்கே மோசம்’ என்கிறபோது இரண்டும் சேர்ந்தே போய்விட்டது என்று பொருள். போக்கர் ஆடுகிறவர்கள் ‘பேங்க்ரோல்’ என்று சொல்வது இந்தக் கைமுதலைத்தான். சும்மா சட்டைப்பையில் கிடக்கிற காசு அல்ல அது. வாடகைக்கோ பால்காசுக்கோ பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ தொடக்கூடாதென்று, ஆட்டத்துக்காகவே பிரித்து வைக்கப்பட்ட தொகை. அந்தப் பிரித்தலின் வரலாற்றில் ஒரு துண்டைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். களம் அமெரிக்கா. காலம், இணையத்தில் காசு கட்டிப் போக்கர் ஆடத் தொடங்கிய 1998 முதல் 2014 வரை. தொகையோ பெரும்பாலும் ஒன்றிரண்டு டாலர்.

சூதாடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவன் தருமன். நாடு, தம்பிகள், தான், கடைசியில் மனைவி என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்து ஆடியவன். அவனுக்குக் கைமுதல் என்ற கருத்தே கிடையாது. வீடு வேறு, பந்தயம் வேறு என்று கோடு போடத் தெரியாததால்தான் அவன் கதை கதையாகிறது. கோடு போடுகிற சூதாடியைப் பற்றி யாரும் காவியம் எழுதமாட்டார்கள். அவன் கணக்குப்பிள்ளை.

இந்தக் கணக்குப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு கணித மரபு இருக்கிறது. 1656இல் பாஸ்கல், ஃபெர்மாவிடம் ஒரு கேள்வி எழுப்பினார். இருவர் கையிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் காசு இருக்கிறது; ஒருவர் முற்றாக இழக்கும்வரை ஆடினால் யார் அழிவதற்கு எவ்வளவு வாய்ப்பு? மறு ஆண்டு ஹைகென்ஸ் தம் நூலின் கடைசியில் இதைச் சேர்த்தார். ‘சூதாடியின் அழிவு’ என்று பின்னால் பெயர்பெற்ற கணக்கு இதுதான். இதன் முடிவு கொடூரமானது: ஆட்டம் முற்றிலும் நியாயமானதாக இருந்தாலும், எதிராளியின் பணம் வற்றாததாக இருந்தால் சிறு முதல் உள்ளவன் என்றாவது ஒருநாள் அழிந்தே தீருவான். 1956இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் கெல்லி இதற்கு ஒருவகை மாற்று சொன்னார். சாதகமான ஆட்டமாக மட்டும் பார்த்து ஆடு. பந்தயத்தை முதலின் ஒரு விகிதமாக வை. முதல் குறைந்தால் பந்தயமும் குறையட்டும்.

கெல்லியின் கணக்கிலிருந்து நேராக இரண்டு டாலர் மேசைக்குப் போவதற்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தது. கிறிஸ் ஃபெர்குசன். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கணினியியலில் முனைவர் பட்டம், அதே வளாகத்தில் ஆட்டக் கோட்பாடு கற்பித்த கணிதப் பேராசிரியரின் மகன், 2000ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடரில் பிரதான போட்டியை வென்றவர். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசிக் கணக்காளர் இணையத்தில் 86 டாலர் கட்டி, அதன் வழியே அதே போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக ஆட்கள் இணையத்துக்கு வந்தார்கள். 2004இல் தொடங்கப்பட்ட ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளத்தின் முகங்களில் ஒருவர் ஃபெர்குசன். 2006இல் அத்தளத்திலேயே அவர் ஒரு சோதனையில் இறங்கினார்: கையிலிருந்து ஒரு சென்ட்கூடப் போடாமல், பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர் சேர்ப்பது.

அவர் தமக்கு விதித்துக்கொண்ட விதிகள் எளிமையானவை. எந்த மேசையிலும் மொத்த முதலில் 5 சதவிகிதத்துக்கு மேல் வைத்து உட்காரக்கூடாது. பலர் கலந்துகொள்ளும் போட்டி என்றால் 2 சதவிகிதம். வென்று வென்று மேசையில் இருப்பது மொத்தத்தில் 10 சதவிகிதத்தைத் தாண்டினால், அடுத்த கட்டாயப் பந்தயம் தம்மிடம் வரும்போது எழுந்துவிட வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லாத ‘ஃப்ரீரோல்’ போட்டிகளில்தான் தொடக்கம். ஆயிரக்கணக்கானவர்களோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டி ஒன்றிரண்டு டாலர் சம்பாதிப்பது, அதையும் தோற்பது, மறுபடி பூஜ்யம். 2007இல் 10,000 டாலரைத் தொட்டார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இந்த விதிகளில் ஒரு விலக்கு உண்டு: இரண்டரை டாலர் வரையுள்ள மிகச்சிறு மேசைகளுக்கு 5 சதவிகிதக் கட்டுப்பாடு இல்லை. இருக்கத்தான் முடியாது. பூஜ்யத்தில் 5 சதவிகிதம் பூஜ்யம்தானே? சேமிப்பின் ஒழுக்கம் சேமிப்பு உள்ளவனுக்கே சாத்தியம். இல்லாதவன் முதல் படியை விதியை மீறித்தான் ஏறவேண்டும். மேலும் ஃபெர்குசனின் வறுமை அவர் உடுத்திக்கொண்ட வறுமை. சோதனை தோற்றால் அவர் வீட்டில் அடுப்பு அணையாது. மாதக்கணக்கில் பூஜ்யத்துக்கும் ஒரு டாலருக்கும் இடையில் அலைய அவருக்கு அவகாசம் கொடுத்தது அவருடைய மற்ற பணம்.

அவரைப் பார்த்து ஆடப்போனவர்களுக்கு நிலைமை எப்படி? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 சென்ட், 2 சென்ட் கட்டாயப் பந்தயமுள்ள மேசையில் வழக்கமான நுழைவுத் தொகை 2 டாலர். 5 சதவிகித விதிப்படி 40 டாலர் முதல் வேண்டும். அடுத்த படியான 2 சென்ட், 5 சென்ட் மேசையில் 5 டாலர். அதற்கு 100 டாலர் முதல். ஆக, படியேற 60 டாலர் சம்பாதிக்க வேண்டும். நன்றாக ஆடுகிறவர் 100 ஆட்டத்துக்கு 5 பெரிய பந்தயம் வெல்கிறார் என்று வைத்துக்கொண்டால் அது 10 சென்ட். 60 டாலருக்கு 60,000 ஆட்டம். கையால் சீட்டுப் போடும் சூதாட்ட விடுதியில் மணிக்கு 30 ஆட்டம் என்றால் 2,000 மணி நேரம். இணையத்தில் எட்டு மேசைகளைத் திரையில் பரப்பி மணிக்கு 500 ஆட்டம் ஆடினால் 120 மணி நேரம். கூலி மணிக்கு அரை டாலர். 2006இல் அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5 டாலர் 15 சென்ட்.

அதுவும் உறுதியான கூலி அல்ல. இந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரியது. 100 ஆட்டத்துக்குத் திட்ட விலக்கம் 90 பெரிய பந்தயம் என்று கொண்டால், அதே கெட்டிக்கார ஆட்டக்காரர் 10,000 ஆட்டம் ஆடி முடித்த பிறகும் நட்டத்தில் நிற்பதற்கு ஏறத்தாழ 29 சதவிகித வாய்ப்பு உண்டு. போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் விவாதிக்கின்றன. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் திறமை ஆட்டம் என்றே சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே பார்க்காமல், காசு கட்டும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்து சட்டம் இயற்றியது. திறமை உண்டுதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிய லட்சம் ஆட்டம் வேண்டும். அதுவரை தாக்குப்பிடிப்பதற்குப் பெயர்தான் கைமுதல்.

இதற்கிடையில் தளம் ஒவ்வொரு பந்தயக் குவியலிலிருந்தும் ஒரு கழிவை எடுத்துக்கொள்கிறது. பொதுவாக 5 சதவிகிதம் வரை. சிறு மேசைகளில் ஒருவர் கட்டும் கழிவு, நன்றாக ஆடுகிறவரின் லாபத்தைவிட அதிகமாக இருப்பது சகஜம். ஏற்றமும் இறக்கமும் ஆட்டக்காரர்களுக்கே. தளத்துக்கு ஏற்றம் மட்டும். குறள் சூதாடும் இடத்தைக் ‘கழகம்’ என்கிறது. (இன்று அந்தச் சொல் வேறெங்கெல்லாம் போய்விட்டது என்பது தனிக்கதை.) அந்தக் கழகத்தைப் பற்றி இரண்டு டாலர் ஆட்டக்காரர்கள் அதிகம் பேசியதில்லை. அவர்கள் பேச்செல்லாம் தங்களைப் பற்றியே. எங்கே நிதானம் இழந்தேன், எந்தச் சீட்டை வீசியிருக்க வேண்டும், ஏன் படி இறங்க வெட்கப்பட்டேன். ஆடிய ஒவ்வொரு சீட்டையும் பதிவுசெய்யும் மென்பொருள் வாங்கி, இரவு உட்கார்ந்து தங்களைத் தாங்களே விசாரித்தார்கள். ஃபூக்கோ இருந்திருந்தால் ஆர்வத்தோடு பார்த்திருப்பார். கண்காணிப்பவனும் கண்காணிக்கப்படுபவனும் ஒரே நாற்காலியில்.

குடும்பக் கணக்கிலிருந்து தொழில் கணக்கைப் பிரித்ததை நவீன முதலாளியத்தின் அடிப்படைகளில் ஒன்றாக மாக்ஸ் வெபர் கருதினார். அந்தப் பிரிவினையை இரண்டு டாலர் அளவில் நடத்திக்காட்டியவன் இந்த ஆட்டக்காரன். சரி, கழகம் அதை நடத்தியதா?

2011 ஏப்ரல் 15ஆம் தேதி அமெரிக்க அரசு மூன்று பெரிய தளங்களின் முதலாளிகள்மீது குற்றப்பத்திரிகையை வெளியிட்டு, அவற்றின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. போக்கர்ஸ்டார்ஸ் சில வாரங்களில் அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பிக்கொடுக்கத் தொடங்கியது. ஃபுல் டில்ட்டால் முடியவில்லை. அந்தச் செப்டம்பரில் அரசு தாக்கல் செய்த திருத்தப்பட்ட சிவில் மனு காரணத்தைச் சொன்னது: மார்ச் இறுதியில் ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது ஏறத்தாழ 6 கோடி. ஆட்டக்காரர்களின் வைப்புத்தொகையும் நிறுவனத்தின் செலவுப் பணமும் ஒரே பானையில் கிடந்தன. 2007 ஏப்ரல் முதல் நான்காண்டுகளில் உரிமையாளர்களுக்குப் பங்கிட்டது 44 கோடி டாலருக்கு மேல் என்றது மனு. அரசு வழக்குரைஞர் இதை உலகளாவிய பொன்சி மோசடி என்றார். இயக்குநர் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஃபெர்குசன். பூஜ்யத்திலிருந்து அவர் ஏறிக்கொண்டிருந்த அதே 2007இல்தான் மனு சொல்லும் பங்கீட்டின் கணக்கும் தொடங்குகிறது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2013இல் அவர் வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொண்டார்; 2018இல் ஒரு காணொளியில் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று விவாதிக்க இங்கே இடமில்லை. முதலில் 5 சதவிகிதத்துக்கு மேல் மேசையில் வைக்காதே என்ற விதி, முழு முதலும் ஒரே கழகத்தின் ஏட்டில் இருப்பதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

அந்த மனுவில் இன்னொரு விவரம் உண்டு. அமெரிக்க வங்கிகள் வழியாகப் பணம் வாங்குவது சிக்கலானபோது, ஆட்டக்காரர் ‘கட்டினேன்’ என்றதும் தளம் அவர் கணக்கில் தொகையை ஏற்றிவிட்டது. வங்கியிலிருந்து வசூல் செய்யவில்லை. இப்படி வராத பணம் ஏறத்தாழ 13 கோடி டாலர். அந்தப் பணத்தோடு மேசையில் உட்கார்ந்தவர் தோற்றார், எதிரே இருந்தவர் வென்றார். வென்றவர் 5 சதவிகித விதியைக் கடைப்பிடித்தவராக இருக்கலாம், பத்து சதவிகிதம் ஆனதும் எழுந்தவராகவும் இருக்கலாம். அவர் ஏட்டில் ஏறிய எண்ணுக்குப் பின்னால் எங்குமே காசு இல்லை. தளம் மட்டும் அந்தக் குவியலிலும் கழிவை எடுத்துக்கொண்டது.

2012 ஜூலையில் போக்கர்ஸ்டார்ஸ் அரசோடு உடன்பாடு செய்து ஃபுல் டில்ட்டை வாங்கியது. 54.7 கோடி டாலர் அமெரிக்க அரசுக்கு, 18.4 கோடி மற்ற நாட்டு ஆட்டக்காரர்களுக்கு. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதல் தவணை 2014 பிப்ரவரி இறுதியில் போய்ச்சேர்ந்தது: ஏறத்தாழ 27,500 பேருக்கு 7.6 கோடி டாலர். சராசரி எடுத்தால் ஆளுக்கு 2,700 டாலருக்கு மேல் வரும். நாற்பது டாலர்க்காரர்கள் எத்தனை பேர் மனுப்போட்டுக் காத்திருந்தார்கள் என்பது அந்தச் சராசரியில் தெரியாது.