வலிய ஏற்ற தொற்று: வங்காளத்து அம்மைக்குத்து முதல் விக்ரோலியின் ஒமிக்ரான் வரை

2022 ஜனவரி 7 அன்று மும்பையில் 20,971 பேருக்குக் கொரோனா உறுதியானது. அதுவரை நகரம் காணாத எண்ணிக்கை. ஆனால் மருத்துவமனைகள் முந்தைய ஆண்டுபோல் திணறவில்லை. அப்போது பரவிய ஒமிக்ரான் வகை ஓர் ‘இயற்கைத் தடுப்பூசி’, வந்துவிட்டுப் போகட்டும் என்ற பேச்சு, நகரின் புறநகரான விக்ரோலியில் ‘சால்’ எனப்படும் ஒற்றை அறை வீடுகள்வரை எட்டியது. நச்சுயிரியலாளர் ஷாஹித் ஜமீல் அதை ஆபத்தான கருத்து என்று எச்சரித்தார். நோயைத் தேடி ஏற்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வழக்கத்தின் வரலாறு, உயிருள்ள நோயை மருத்துவம் படிப்படியாகக் கைவிட்ட வரலாறு.

1767இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஹால்வெல் எழுதிய குறிப்பிலிருந்து தொடங்கலாம். வங்காளத்தில் பெரியம்மை பரவும் பருவத்துக்கு முன்பே அம்மை குத்துவோர் ஊர் ஊராக வருவார்கள். குத்தப்படுபவர் ஒரு மாதம் மீனும் பாலும் நெய்யும் விலக்கியிருக்க வேண்டும். தோலைக் கீறி வைக்கும் சீழ், சென்ற ஆண்டு குத்திக்கொண்டவர்களின் கொப்புளங்களிலிருந்து எடுத்து வைத்தது. இயற்கையாக அம்மை கண்டவரின் சீழையோ புதுச் சீழையோ தொடமாட்டார்கள். நோயின் வீரியத்தைக் குறைக்க அவர்கள் அனுபவத்தால் கண்ட வழி இது. இதில் மூடநம்பிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பலனும் இருந்தது. 1721இல் பாஸ்டனில் இயல்பாக அம்மை கண்டவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் இறந்தார்கள், குத்திக்கொண்டவர்களில் இரண்டு மூன்று பேர்.

கோளாறு வேறோர் இடத்தில் இருந்தது. குத்திக்கொண்டவருக்கு வந்தது லேசான அம்மை. அவரிடமிருந்து அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஒட்டியது முழு அம்மை. 1865இல் கல்கத்தாவிலும் சுற்றுப்புறத்திலும் அம்மைக்குத்தைச் சட்டம் தடைசெய்ததற்கு இது முக்கியக் காரணம். அதற்குள் மாற்று வழி வந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குப் பசுவம்மைப் பால் குத்தப்பட்டது, இந்தியாவில் முதன்முறை. பசுவம்மை மனிதரிடையே காற்றில் பரவாது. அதனால் தடுப்பு கிடைத்தது, அண்டை வீட்டுக்கு ஆபத்து இல்லை.

அடுத்த படியும் இதே நகரத்தில்தான். பிளேக் பரவியபோது நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கின் கொன்ற கிருமிகளால் மருந்து செய்து, 1897 ஜனவரி 10 அன்று தனக்கே போட்டுக்கொண்டார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. கைதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அந்த மருந்து போடப்பட்டது. சிறைவாசியின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி இருக்கட்டும். உயிருள்ள கிருமியே இல்லாமல் பாதுகாப்புத் தர முடியும் என்பது பரேலில் இன்றும் ஹாஃப்கின் பெயரைத் தாங்கி நிற்கும் நிறுவனத்தின் தொடக்கக் கதை.

இவ்வளவுக்குப் பிறகும் 2020இல் பழைய எண்ணம் புள்ளிவிவரத்தின் துணையோடு திரும்பி வந்தது. ஏப்ரலில் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த கொள்ளைநோயியலாளர் ஜெயப்பிரகாஷ் முளியில் போன்றோர், நீண்ட ஊரடங்கை இந்தியா தாங்காது, முதியவர்களைக் காத்து இளையவர்களிடம் தொற்று பரவினால் சமூக எதிர்ப்பாற்றல் கிட்டும் என்றார்கள். ஜூலையில் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் அடங்கிய மூன்று வார்டுகளில் நடந்த ரத்தப் பரிசோதனையில், குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும் மற்றப் பகுதிகளில் 16 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்பொருள் இருந்தது. தாராவியும் செம்பூரும் தற்செயலாகவே இலக்கை நெருங்கிவிட்டதாகப் பலர் நம்பினார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு: 2021இன் இரண்டாம் அலையில் மும்பைத் தொற்றுகள் பெரும்பாலும் அடுக்ககங்களில்தான் பதிவாயின. ஆனால் தில்லியில் அந்த ஜனவரியிலேயே 56 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் இருந்தும், ஏப்ரலில் மூச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்கவில்லை. பிரேசிலின் மனாவ்ஸ் நகரமும் இதையே சந்தித்தது. கொரோனாவிலிருந்து தேறியவர்களிடம் கரும்பூஞ்சை வந்தபோது, ‘வந்து போகட்டும்’ என்பதில் ‘போகட்டும்’ பாதி உறுதியில்லை என்று தெரிந்தது. 2021 ஜூன் முடிவதற்குள் நாட்டில் 40,000 பேருக்கு மேல் அது கண்டிருந்தது.

ஹால்வெல் கண்ட அம்மை குத்துவோருக்குக் கீறலின் அளவு கையில் இருந்தது. காற்றில் வரும் கிருமிக்கு அப்படி அளவு வைக்க விக்ரோலி பார்க்சைட்டில் யாரால் முடியும்? குன்றின் சரிவில் ஒற்றை அறை வீடு, பொதுக்கழிப்பறை, சர்க்கரை நோயுள்ள பாட்டி. நோயை ஏற்கத் துணிபவர் பெரும்பாலும் இளைஞர். விலை கொடுப்பவர் அவர் அல்ல. ஏற்கத் துணிந்தவரே விலை கொடுத்ததும் உண்டு: கொரோனா வந்து தேறிய சான்றிதழுக்காக வேண்டுமென்றே தொற்றை வாங்கிக்கொண்ட செக் நாட்டுப் பாடகி ஹானா ஹோர்கா, 2022 ஜனவரியில் 57 வயதில் இறந்தார்.

நோயை முறையாக ஏற்ற சோதனை லண்டனில் 2021இல் நடந்தது. 18 முதல் 30 வயதுவரையுள்ள ஆரோக்கியமான 36 தன்னார்வலர்களுக்கு மூக்கில் மிகச் சிறிய அளவு கொரோனாக் கிருமியை விட்டு, தனி அறைகளில் வைத்துக் கண்காணித்தார்கள். யாருக்கும் நோய் கடுமையாகவில்லை. ஆனால் தொற்றிய 18 பேரில் பெரும்பாலோருக்கு மோப்பம் குன்றியது. இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளுக்கான நெறிமுறை பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023இல் கொள்கை அறிக்கை வெளியிட்டது.