பேர்ச்: கோல் காணியான வரலாறு

இலங்கையில் வீட்டுக் காணியை அளக்கும் அலகு பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஓர் ஏக்கர். ஆக ஏக்கருக்கு 160 பேர்ச். நில அளவைப் படங்கள் ஹெக்டேருக்கு மாறிப் பல காலம் ஆகிறது. ஆனாலும் பதுளையிலோ பண்டாரவளையிலோ காணி விலை பேசுகிறவர்கள் பேர்ச் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஊவாத் தோட்டங்களில் இச்சொல் ஆங்கிலப் பன்மை விகுதியோடு ‘பேர்ச்சஸ்’ என்றே வழங்குகிறது. ‘ஏழு பேர்ச்சஸ்’ என்பது அங்கே ஒரு கோரிக்கையின் பெயராகவே ஆகிவிட்டது.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. அதில் ‘பெர்த்திக்கா’ என்றால் நீண்ட கழி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது 16½ அடி நீளமுள்ள அளவுகோலைக் குறித்தது. அந்தக் கோலின் சதுரம்தான் 272¼ சதுர அடி. பறவை உட்காரும் கொம்புக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

கருவியின் பெயரே அளவின் பெயராவது தமிழுக்கும் பழக்கமானது. சோழர் காலக் கல்வெட்டுகள் பதினாறு சாண் கோல், உலகளந்த கோல் என்று நிலம் அளந்த கோல்களைக் குறிப்பிடுகின்றன. ஒரு கோல் சதுரம் ஒரு குழி. அந்தக் குழி யாழ்ப்பாணத்தில் இன்றும் வாழ்கிறது: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். எனவே ஒரு பரப்பு 10 பேர்ச்சுக்குச் சமம்.

அளவுக்கு ஆங்கிலச் சொல் வந்தாலும் அளக்கப்படும் பொருளுக்குத் தமிழ்ப் பெயரே நிலைத்தது. ‘காணி’ என்பது எண் கணக்கில் 80இல் ஒரு பங்கு. கல்வெட்டுகளில் அது பரம்பரையாக அனுபவிக்கும் நில உரிமை. தமிழ்நாட்டில் நிலம், பட்டா என்று பேச்சு மாறிவிட்டது. இலங்கைச் சட்டத் தமிழோ காணி என்ற சொல்லையும், உரிமைப் பத்திரத்துக்கு ‘உறுதி’ என்ற சொல்லையும் கைவிடவில்லை.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டது. அப்படி முடிக்குப் போன மலைகள் அளக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. கோப்பி நோயில் அழிந்த பிறகு அதே மலைகளில் தேயிலை வந்தது. ஏக்கர், றூட், பேர்ச் என்று துரைமாரின் மலைகள் அளவாகப் பதிவாயின. அங்கே உழைக்க வந்தவர்களுக்குக் கிடைத்தது லயம். ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் உருமாறிய வடிவம் அது. லயத்தின் ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. 120 சதுர அடி, அரைப் பேர்ச்சுக்கும் குறைவு.

லயத்தில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர். இஸ்தோப்பு வரிசையாக ஓடும். தண்ணீர்ப் பீலி எல்லோருக்கும் பொது. முன்னால் ஓடும் கானும் பொது. இவ்வளவு நெருங்கி வாழ்ந்தும் சட்டத்தின் கண்ணில் இவர்கள் அயற்காணிக்காரர்கள் அல்லர். இலங்கையின் காணிச் சட்டத்துக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டம், ஒருவர் காணியூடாக மற்றவர் நடந்து போகவும் நீர் கொண்டுபோகவும் உரிமை தருகிறது. ஆனால் அது இரண்டு உரிமையாளர்களின் இரண்டு காணிகளுக்கு இடையிலேயே பிறக்கும். தன் காணியின்மேல் தனக்கே வழியுரிமை என்று ஒன்று இல்லை. தோட்டம் முழுவதும் ஒரே உரிமையாளருடையது. அதனால் தலைமுறை தலைமுறையாக மிதித்துத் தேய்ந்த குறுக்குப் பாதைகூட அங்கே குடியிருப்போரின் வழியுரிமையாக ஆகவில்லை.

நீண்டகால ஆட்சியும் கைகொடுக்கவில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு காணியைப் பத்தாண்டு இடையறாமல், பிறர் உரிமையை ஏற்காமல் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். லயத்தில் இருப்பவரோ வேலை கொடுத்தவரின் அனுமதியில் இருப்பவர். அனுமதியில் கழிந்த நூறாண்டும் இந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேராது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின் இந்த வழி மேலும் அடைபட்டது, ஏனெனில் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை செல்லாது. 1992இல் கம்பனிகளுக்குப் போனது நிர்வாகமும் பின்னர் நீண்டகாலக் குத்தகையும். நிலம் அரசுடையதாகவே இருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்களுக்குப் பிறகு பூனாகலைப் பகுதியில் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. நாடு முழுவதும் தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் என்ற திட்டம் 2015க்குப் பின் வேகம் பெற்றது. 2018இல் 32ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெருந்தோட்டப் பகுதிப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகாரசபையும் அமைந்தது. பின்வந்த திட்டங்களில் அளவு 10 பேர்ச் ஆனது. 7 பேர்ச் ஏறக்குறைய 1,906 சதுர அடி. யாழ்ப்பாணத்துப் பரப்பு ஒன்றுக்குக்கூட எட்டாது. 10 பேர்ச் சரியாக ஒரு பரப்பு.

சின்ன அளவுதான், ஆனால் அது கொண்டுவரும் மாற்றம் பெரிது. ஓர் உறுதியின் அட்டவணையில் வடக்கே, கிழக்கே, தெற்கே, மேற்கே என்று நான்கு எல்லைகள் எழுதப்படும். கிழக்கே இன்ன இலக்கத் துண்டு, மேற்கே பாதை என்று எழுதியவுடன், நேற்றுவரை சுவருக்கு அப்பால் இருந்த குடும்பம் சட்டப்படி அயற்காணிக்காரராகிறது. மேல் துண்டின் மழைநீர் கீழ்த் துண்டில் எந்தப் பக்கமாக இறங்க வேண்டும், பின்வீட்டார் எந்தப் பக்கமாக றோட்டுக்கு வர வேண்டும் என்ற கேள்விகள் அன்றுதான் உரிமைக் கேள்விகளாகின்றன. மலைச்சரிவில் இவை அன்றாடக் கேள்விகள். ஆதலால் அளவைப் படத்தில் பாதையும் கானும் தனியாகக் குறிக்கப்பட வேண்டும்.

வீடு கிடைத்த எல்லோருக்கும் உறுதி கூடவே கிடைத்துவிடவில்லை. உறுதி வராதவரை 7 பேர்ச் என்பது வெறும் கோல் அளவு. உறுதி வந்த பின்பே அது, கல்வெட்டுக் காலம் முதல் தமிழ் அறிந்த பொருளில், காணி.