கருகிய பட்டையைப் படித்தல்

1973இல் கே.பி.பி. நம்பியாரின் முயற்சியில், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான கெல்ட்ரானின் வரலாறு, தொழிற்கொள்கையின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதன் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர்களின் அறிவு அதில் இடம்பெறுவதில்லை.

அவர்கள் படித்த நிறமொழி, இரு உலகப் போர்களுக்கிடையே அமெரிக்க வானொலி உற்பத்தியாளர்களிடம் தோன்றியது. தொடக்கத்தில் மின்தடையின் உடல் நிறம் முதல் இலக்கத்தையும், முனை நிறம் இரண்டாம் இலக்கத்தையும், புள்ளி பெருக்கியையும் குறித்தன. பட்டைகள் பின்னர் வந்தவை. கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2 என்று தொடங்கி வெள்ளை 9 வரை செல்லும் வரிசை மட்டும் மாறவில்லை.

ஆனால் சூடேறிக் கருகிய மின்தடையில் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பாகவே தெரியும். பழுதாவதும் பெரும்பாலும் அதுதானே! அப்போது கைகொடுப்பது நிறமன்று. 1952இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வெளியிட்ட மதிப்பு வரிசை. பத்து விழுக்காட்டு வரிசையில் மஞ்சளில் தொடங்கும் மதிப்பு 47 மட்டுமே. ஆகவே அழிந்த இரண்டாம் பட்டை ஊதா என்று துணியலாம். பழுப்பில் தொடங்கினாலோ 10, 12, 15, 18 என நான்கு வாய்ப்புகள். அங்கே சுற்றுப்படமின்றி வழியில்லை. வாட் அளவைப் பட்டைகள் சொல்வதில்லை, பருமனைக் கொண்டே கணிக்க வேண்டும். கருகக் காரணமான குறுக்குச்சுற்றைத் தேடாமல் மாற்றினால், புதியதும் கருகும்.