கணுக்கால் ஆழத்துச் சரித்திரம்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு ஆழத்தில்தான் மோகம். கப்பல் மூழ்கிய இடமும் கடற்படைகள் மோதிய இடமும் ஏட்டில் ஏறிவிடுகின்றன. கரையில் நம் கணுக்காலை நனைத்துவிட்டுப் போகிற தண்ணீரை யார் பொருட்படுத்துகிறார்கள்? ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1925-ம் வருஷம் ஜூன் மாதம், கலிபோர்னியாவில் கொரோனா டெல் மார் என்ற கடற்கரைக்கு அருகே ஒரு மீன்பிடி படகு கவிழ்ந்தது. ஹவாய்த் தீவின் நீச்சல் வீரர் டியூக் கஹானமோகு, அலைச் சவாரி செய்யும் தம் பலகையுடன் கொந்தளிப்பில் பாய்ந்து 8 பேரைக் கரை சேர்த்தார். உயிர் காக்கும் கருவியென்று பலகைக்குப் பெயர் வந்தது.

அங்கிருந்து தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது லகூனா பீச். 1920-களின் கடைசியில் அவ்வூர்க் கடற்கரைக் காவலர்கள் வேறொரு பலகையைக் கையில் எடுத்தார்கள். அது உயிர் காக்க அல்ல, வெறும் விளையாட்டுக்கு. ஸ்கிம்போர்டு என்று பிற்பாடு பெயர் பெற்றது அதுதான்.

அலை மணலில் ஏறித் திரும்பும்போது மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று நிற்குமல்லவா? ஓடிவந்து பலகையை அதன்மேல் தட்டையாக நழுவவிட்டு, ஓடிய வேகம் குறையுமுன் ஏறிவிட வேண்டும். வேகம் இருக்கும்வரை தண்ணீர் பலகையைத் தாங்கும். வேகம் போனால் பலகை மணலில் உட்கார்ந்துவிடும். மற்ற அலைச் சவாரிக்காரன் கடலில் காத்திருந்து கரைக்கு வருகிறான். இவனோ கரையிலிருந்து புறப்பட்டு, அலையை எதிர்கொண்டு, அதன்மேல் திரும்பி வருகிறான்.

அரை நூற்றாண்டு வரை இது காவலர்களும் சிறுவர்களும் ஆடிய உள்ளூர் ஆட்டந்தான். 1976-ல் டெக்ஸ் ஹெய்ன்ஸ், பீட்டர் பிரீட்டோ என்ற இருவர் அதே ஊரில் விக்டோரியா என்ற பெயரில் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். மரத்தின் இடத்துக்கு நுரைப் பொருளும் கண்ணாடி இழையும் வந்தன. பலகை லேசாயிற்று, கடலுக்குள் இன்னும் கொஞ்சம் தூரம் போயிற்று.

ஆழமில்லாத தண்ணீர்தானே என்று நினைத்துவிடக் கூடாது. ஆழத்தில் விழுகிறவனைத் தண்ணீர் ஏந்திக்கொள்ளும். இங்கே விழுகிறவனை மணல்தான் ஏந்தும். கணுக்கால் முறியும், தலைகுப்புற விழுந்தால் கழுத்தே முறியலாம். பிறர் உயிரைக் காப்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது தெரியாதா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம்மவர் வாக்கு. ஒரு சாண்கூட ஆழமில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே காலை விட்டவர்கள் அவர்கள்.